ரோலரா, டிரெய்னரா: வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க எதை வாங்குவது?

பெருந்துறை அருகே ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர், திருப்பூரில் விடியற்கால இருட்டில் தனியாகச் சாலைக்குச் செல்லத் தயங்கும் ஒரு பெண்மணி, கோவையில் அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் குடியிருக்கும் ஒருவர் என மூன்று வாசகர்கள் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி செய்வதென்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் மூன்று உருளைகள் மீது சைக்கிளை ஓட்டும் ரோலரை வாங்குவதா, பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் டிரெய்னரை வாங்குவதா, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவை வாங்குவதா என்பதில் பல வாரங்களாகக் குழம்பி நிற்கிறார்கள். மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதே இந்தக் கட்டுரை எழுதப்படும் காரணம்.

குளிர்நாடுகளில் இக்கருவிகள் பரவியதற்குப் பனியும் நீண்ட இரவும் பெருங்காரணங்கள். அங்கே மாதக்கணக்கில் வீட்டுக்குள் மிதித்தாக வேண்டியிருப்பதால், அந்தத் தேவைக்கேற்ற பரிந்துரைகளே இணையத்தில் நிறைந்திருக்கின்றன. நம் கொங்கு நாட்டின் நிலை வேறு. சித்திரையில் வெயில் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை உண்டு. ஆயினும் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் காலை ஐந்தரை மணிக்குச் சாலை நமக்குத் திறந்தே கிடக்கிறது. ஆகவே நம்மில் பலருக்கு வீட்டுக் கருவி என்பது சாலைக்கு மாற்று அன்று, சாலையில் கிடைக்காத ஒன்றைப் பெறுவதற்கான துணை. அந்த ஒன்று எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் கடைக்குச் செல்வதுதான் பணம் வீணாவதற்கு வழி.

## எவற்றை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவதும் முதன்மையானதும் குறை எது என்பது. கைப்பிடி நடுங்குகிறதா, குழுவாகச் செல்லும்போது நேர்கோட்டில் ஓட்ட இயலவில்லையா, மிதிப்பு சீராக இல்லையா? அல்லது மலையேறும்போது காலில் வலு போதவில்லையா? முன்னது திறன் சார்ந்த குறை, பின்னது வலு சார்ந்த குறை. இரண்டையும் ஒரே கருவி ஒரே அளவில் தீர்ப்பதில்லை.

இரண்டாவது, உங்களிடம் உள்ள சைக்கிள். அதன் பின் அச்சு எவ்வகை, டயர் எவ்வளவு அகலம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளம் எவ்வளவு என்பவை சில கருவிகளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடும். மூன்றாவது, இடமும் சத்தமும்: தரையோடு கட்டிய தனி வீடா, கீழே மற்றொரு குடும்பம் உறங்கும் அடுக்ககமா? நான்காவது, விலைச்சீட்டில் தெரியாத செலவுகள். ஐந்தாவது, வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்தப் போகிறார்கள் என்பது.

எந்தக் கருவியை எடுத்தாலும் பொதுவாக நிற்கும் ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மனித உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் மிதியடிக்குப் போகிறது, மற்றது வெப்பமாகிறது. நீங்கள் 200 வாட் அளவில் மிதித்தால் உடல் 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். ஓர் அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரத்துக்கு நிகரான அளவு அது. சாலையில் எதிர்க்காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. அறைக்குள் காற்று அசையாமல் நிற்பதால், பங்குனி, சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ மூடிய அறையில் மிதிப்பவரின் இதயத் துடிப்பு, அதே உழைப்புக்குச் சாலையில் இருப்பதைவிட உயர்ந்து நிற்கும். சீலிங் ஃபேன் போதாது. நெஞ்சுக்கு நேராகக் காற்று வீசும் பெரிய பெடஸ்டல் ஃபேனை முதல் நாளே வாங்க வேண்டிய கருவியாகக் கணக்கில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது இயல்பு. பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால், உப்பிட்ட நீர்மோரோ ஒரு சிட்டிகை உப்போ சேர்த்துக்கொள்வது நலம். வியர்வையின் உப்பு கைப்பிடித் தண்டின் போல்ட்டுகளையும், கைப்பிடி திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்கையும் அரிக்கும் என்பதால் சைக்கிளின் மேல் குழாய் மீது துண்டு விரிக்காமல் மிதிக்க வேண்டாம்.

## ரோலர்

ரோலரின் அமைப்பு நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மாறவில்லை. ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவே அமர்கிறது, முன்சக்கரம் ஒன்றின் மேல் நிற்கிறது, பின் உருளை ஒன்றிலிருந்து முன் உருளைக்கு ஒரு பெல்ட் ஓடுகிறது. பின்சக்கரத்தை மிதித்தால் முன்சக்கரமும் சுழலும். சைக்கிளை எதுவும் பிடித்திருப்பதில்லை. சமநிலை முழுவதும் ஓட்டுபவரின் பொறுப்பு. இந்த ஒரு பண்பே ரோலரின் பெருமைக்கும் குறைக்கும் காரணம்.

பிடிப்பில்லாமல் ஓட்டுவதால் உடல் தானாகவே சில பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறது. தோள் இறுகினால் சைக்கிள் பக்கவாட்டில் நகர்ந்து உடனே காட்டிக்கொடுக்கும். மிதிப்பு இருபுறமும் சீராக இல்லாவிட்டால் இருக்கையில் துள்ளுவது தெரியும். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் தடம் வளையும். நான் மூன்று ஆண்டுகள் சாலையில் ஓட்டிவிட்டு, ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கையோடு ரோலரில் ஏறிய முதல் நாளில், சூலூரில் என் வீட்டு நிலைக்கதவைப் பிடித்த கையை ஏறத்தாழ இருபது நிமிடங்கள் வரை எடுக்க முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு கையால் தண்ணீர்ப் புட்டியை எடுக்க முடிந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவோடு சென்றபோது, முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஓரடி இடைவெளியில் தொடர்வது எனக்கு முதன்முறையாக எளிதாக இருந்தது. அந்த மாற்றத்தை வேறு எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

விழுந்தால் சுவரை நோக்கிப் பாய்ந்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. சக்கரங்கள் வேகமாகச் சுழன்றாலும் சைக்கிளும் நீங்களும் முன்னோக்கி நகரவில்லை என்பதால், உருளையை விட்டு இறங்கும் சைக்கிள் இருந்த இடத்திலேயே சாயும். அறையைக் கடந்து ஓடாது. எனினும் கதவு நிலைக்கு நடுவே வைத்துப் பழகுவதே முறை, ஏனெனில் இருபுறமும் முழங்கை எட்டும் தூரத்தில் பிடிமானம் கிடைக்கும். நடுத்தர கியரில் தொடங்கி விரைவாக மிதியுங்கள். மெதுவாக மிதித்தால்தான் சைக்கிள் தள்ளாடும். முன் உருளையின் அச்சுக்கு நேர் மேலேயோ மிகச் சிறிதே பின்னாலோ முன்சக்கரத்தின் அச்சு வரும்படி சட்டத்தின் நீளத்தைச் சரிசெய்வது முக்கியம். இறங்குவதற்குப் பக்கத்தில் ஓர் உறுதியான மணை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது குறையைப் பார்ப்போம். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதற்கே செலவாகிறது; வேகம் இருமடங்கானால் அதற்கான ஆற்றல் எட்டு மடங்காகும். ரோலரில் அந்தக் காற்று இல்லை. டயர் உருளையின் மேல் நசுங்கி மீள்வதால் உண்டாகும் எதிர்ப்பு மட்டுமே இருக்கிறது. ஆகவே மீட்டரில் 45 கி.மீ. வேகம் தெரிந்தாலும் கால் அவ்வளவு உழைத்திருக்காது. வலுவுள்ள ஓட்டுநர்களுக்கு நாலரை அங்குல உருளைகள் மிக இலகுவாகத் தோன்றும். மூன்று அல்லது மூன்றேகால் அங்குல விட்டமுள்ள சிறிய உருளைகளில் டயர் அதிகமாக மடங்குவதால் எதிர்ப்பு கூடும். டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தாலும் கூடும். காந்தத் தடை கொண்ட ரோலர்களும் உண்டு. ஆனால் எழுந்து நின்று, முழு எடையையும் மிதியடியில் போட்டு மிதிக்கும் மலையேற்றப் பயிற்சிக்கு ரோலர் ஏற்றதன்று. ஒருவர் எடையும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், நூற்றுக்கு ஏழு என்ற சரிவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 165 வாட் வேண்டும். அதே 165 வாட்டை ரோலரில் எட்டலாம். ஆனால் அங்கே கால்கள் விரைவாகச் சுழன்று எட்டும், மலையிலோ மெதுவாக அழுத்தி எட்டும். வாட் ஒன்றுதான், தசைக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு.

மறைமுகச் செலவுகள் ரோலருக்குக் குறைவு. மின்சாரம் வேண்டாம், பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும் மிதிக்கலாம், ஃபேன் மட்டும்தான் நிற்கும். சைக்கிளின் சட்டத்தை எதுவும் இறுக்குவதில்லை என்பதால் கார்பன் சட்டத்துக்கும் கவலை இல்லை. அச்சு எவ்வகை என்ற கேள்வியும் எழாது. டயர் மட்டும் வழவழப்பாக இருக்க வேண்டும், மலைச் சைக்கிளின் முள் டயர் உருளை மேல் அதிர்ந்து காதைக் கிழிக்கும். வாட் அளவு தேவையென்றால் மிதியடியிலோ அதைத் தாங்கும் தண்டான கிராங்கிலோ பொருத்தும் பவர் மீட்டரைத் தனியாக வாங்க வேண்டும்; அது ரோலரின் விலையையே தாண்டக்கூடும் என்பதுதான் இங்குள்ள பெரிய மறைமுகச் செலவு.

நம் ஊருக்கே உரிய ஒரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். பம்பும் மோட்டாரும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய கோவையில், கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அலுமினியக் குழாயைக் கடைந்து, இரு முனைகளிலும் மூடியும் சீல்டு பேரிங்கும் பொருத்தி ரோலர் செய்துகொள்ளலாம். நானும் ஒன்று செய்வித்தேன். முதலில் வந்த உருளையின் மூடி, குழாயின் மையத்திலிருந்து மிகச் சிறிதே விலகியிருந்தது. கையால் சுற்றியபோது கண்ணுக்குத் தெரியவில்லை. சைக்கிளில் ஏறி வேகம் எடுத்தவுடன் இருக்கை வரை அதிர்ந்தது. மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இழுவை உருளை மயிரிழை கோணினாலும் நூலில் ஒரே இடைவெளியில் தடிப்பும் மெலிவும் வரும் என்பது அவர்கள் கண்டதே. மூடியைக் குழாயில் பொருத்திய பிறகு, அச்சோடு சேர்த்து லேத்தில் மாட்டி வெளிப்புறத்தைக் கடைசியாகக் கடையச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கடைந்து பிறகு சேர்த்தால் ஆட்டம் நீங்காது. பின் உருளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும் சட்டத்துக்குச் செங்குத்தாகவும் இல்லாவிட்டால் சைக்கிள் ஒரு பக்கமாகவே ஒதுங்கும். பி.வி.சி. குழாயில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சரியான வட்டமாகக் கிடைப்பது அரிது. பெல்ட்டுக்கு, இயந்திரங்களில் ஓடும் பாலியூரித்தேன் வட்டப் பெல்ட்டை அளவுக்கு வெட்டி, முனைகளைச் சூடாக்கி ஒட்டிக்கொள்ளலாம்.

## பின்சக்கரத்தை அழுத்தும் டிரெய்னர்

பின் அச்சை இரு பக்கமும் கவ்விப் பிடித்து, டயரின் மேல் ஒரு சிறு உருளையை அழுத்தும் கருவி இது. காந்தத்தாலோ எண்ணெய் போன்ற திரவத்தாலோ தடை உண்டாகும். சில வகைகள் மின்னணு முறையில் தடையைக் கட்டுப்படுத்தி வாட்டையும் காட்டும். எளிய காந்த வகை ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைப்பதால், முதலில் கை வைக்கத் தோன்றும் கருவியும் இதுவே. விழும் அச்சம் இல்லை, கற்க வேண்டியது எதுவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டும் மிதிக்கலாம்.

விலைச்சீட்டுக்கு வெளியே இருப்பது டயர். சிறிய உருளை டயரின் ஒரே வரியை அழுத்தித் தேய்ப்பதால் ரப்பர் சூடாகி உதிர்கிறது. என் டயர் ஒன்று நான்கு மாதங்களில் நடுப்பகுதி தட்டையாகிச் சாலைக்கு உதவாமல் போயிற்று. பயிற்சிக்கென்றே தனி டயரும், அதை மாட்டிக் கழற்றும் தொல்லையைத் தவிர்க்கத் தனிச் சக்கரமும், அதற்கொரு கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) வாங்கத் தொடங்கினால் பத்தாயிரத்தின் சிக்கனம் மறைந்துவிடும். இரண்டாவது, பின் அச்சு. இவ்வகை டிரெய்னர்கள் பெரும்பாலும் நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் பழைய குவிக் ரிலீஸ் அச்சுக்காக அமைந்தவை. டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் வரும் 12 மி.மீ. த்ரூ ஆக்சிலுக்கு, அதாவது சட்டத்தினூடே செருகித் திருகும் தடித்த அச்சுக்கு, தனி மாற்று அச்சு வேண்டும். கார்பன் சட்டத்தைக் கவ்விப் பிடிப்பதை அந்த நிறுவனம் அனுமதிக்கிறதா என்று உத்தரவாத அட்டையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். இக்கட்டுரையில் பார்க்கும் கருவிகளில் பெரும்பாலும் சத்தம் மிகுந்தது இதுதான்.

மழைக்காலத்தில் மட்டும், வாரம் இரண்டு முறை மிதிக்கப் போகிறீர்கள், பழைய சைக்கிள் ஒன்று வீட்டில் சும்மா நிற்கிறது என்றால் இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை.

## டைரக்ட் டிரைவ்

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகக் கருவியின் கேசட்டில் மாட்டும் இந்த முறை, 2012-இல் வாஹூ நிறுவனத்தின் கிக்கர் வந்த பிறகு பரவலானது. டயரே இல்லாததால் தேய்மானமும் வழுக்கலும் இல்லை. நல்ல கருவிகள் ஒன்று, இரண்டு விழுக்காட்டுப் பிழைக்குள் வாட்டைக் காட்டுகின்றன. 200 வாட் என்று நிர்ணயித்துவிட்டால், நீங்கள் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் தடையை மாற்றிமாற்றி அதே 200 வாட்டில் வைத்திருக்கும். மலைச்சரிவைப் போலவே எதிர்ப்பைக் கூட்டவும் முடியும்.

இதன் அருமை நமக்குத் தனியாக உண்டு. ஈரோடு, திருப்பூர், காங்கேயம் பகுதிகள் ஏறத்தாழ சமவெளி. ஆனால் நம் ஓட்டுநர்களின் ஆசையோ கோத்தகிரிச் சாலை, 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலை, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் அடிவாரம் வரை செல்வது வேலைக்குப் போகிறவர்களுக்கு இயலாது. ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஏறும் உழைப்பை அறைக்குள் துல்லியமாகத் தருவது டைரக்ட் டிரைவ் மட்டுமே.

செலவுகளைக் கணக்கிடுவோம். கருவியே ஐம்பது, அறுபதாயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைக் கடந்து செல்கிறது. கேசட் பல கருவிகளோடு வருவதில்லை. உங்கள் சைக்கிளின் கியர் எண்ணிக்கைக்கு ஏற்றதை வாங்கி, அதைப் பொருத்தும் கருவிகளும் வேண்டும். இணையவழிச் சவாரிச் செயலிகள் மாதக் கட்டணம் கேட்கும். அதற்கு நல்ல இணைய இணைப்பும் ஒரு திரையும் வேண்டும். டாக்ஸ் நியோ போன்ற சில தவிர மற்றவற்றுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் தடையும் அளவும் நின்றுபோகும். இருபது கிலோ எடையுள்ள கருவி பழுதானால், பார்சல் கட்டி வெளியூருக்கு அனுப்பும் செலவும் காத்திருப்பும் உங்களுடையவை. என் நண்பரின் கருவி ஒரு மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்குப் பிறகு இயங்காமல் போய் இரண்டு மாதங்கள் கழித்தே திரும்பி வந்தது. ஒரு நல்ல ஸ்டெபிலைசரை அப்போதுதான் அவர் வாங்கினார். நீங்கள் முன்பே வாங்கிவிடுங்கள்.

## ஸ்பின் பைக்

சொந்தச் சைக்கிளே தேவைப்படாத கருவி என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான சுழற்சக்கரம், தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகு, உயரம் மாற்றக்கூடிய இருக்கை. சாலைச் சைக்கிளின் உடல் அமைவை அது தருவதில்லை. ஆனால் திருப்பூர் வாசகி, தாமும் தம் நாத்தனாரும் காலையில் பிள்ளைகள் எழுவதற்கு முன் நாற்பது நிமிடங்கள் மாறி மாறி மிதிக்க வேண்டும், சாலைப் போட்டி எதிலும் நாட்டமில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கு மற்ற மூன்றும் தேவையற்ற சுமை. இருக்கையை ஏற்றி இறக்கினால் போதும் என்ற வசதியே அவருக்கு முதன்மையானது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ரோலர் | சக்கரத்தை அழுத்தும் டிரெய்னர் | டைரக்ட் டிரைவ் |
|---|---|---|---|
| சமநிலை, சீரான மிதிப்பு | மிகச் சிறப்பு | இல்லை | இல்லை |
| மலையேற்ற எதிர்ப்பு | குறைவு | ஓரளவு | மிகச் சிறப்பு |
| வாட் அளவு | தனி பவர் மீட்டர் வேண்டும் | விலை உயர்ந்த வகைகளில் மட்டும் | கருவியிலேயே உண்டு |
| மின்சாரம் | வேண்டாம் | எளிய வகைக்கு வேண்டாம் | பெரும்பாலும் வேண்டும் |
| சத்தம் | நடுத்தரம், தொடர் இரைச்சல் | அதிகம் | குறைவு. தரை அதிர்வு உண்டு |
| சைக்கிள் பொருத்தம் | வழவழப்பான டயர் போதும் | அச்சு வகையைப் பார்க்க வேண்டும் | அச்சும் கேசட்டும் பார்க்க வேண்டும் |
| மறைந்திருக்கும் செலவு | பெல்ட், பவர் மீட்டர் | டயர், தனிச் சக்கரம் | கேசட், செயலி, ஸ்டெபிலைசர், பழுது |
| பழக எடுக்கும் காலம் | இரண்டு வாரம் வரை | இல்லை | இல்லை |

## மற்ற இருவருக்கு

பெருந்துறை வாசகர் வரும் தை மாதத்துக்குப் பிறகு கோத்தகிரி ஏற விரும்புகிறார். இரவு ஷிப்டு முடிந்து பகல் வெயிலில்தான் அவருக்கு நேரம் கிடைக்கிறது. பகல் பதினொரு மணிக்குச் சாலையில் மிதிக்க வேண்டாம். அவருக்குத் தேவை வலு, அதுவும் அளவோடு கூட்டப்படும் வலு; ஆகவே பணம் இருந்தால் டைரக்ட் டிரைவ். இல்லையென்றால் எளிய காந்த டிரெய்னரில் கனமான கியரைப் போட்டு, நிமிடத்துக்கு அறுபது சுற்று என்ற மெதுவான மிதிப்பில் பத்துப் பத்து நிமிடங்களாகப் பயிற்சி செய்தாலும் நல்ல பயன் கிடைக்கும். தூக்கம் குறைந்த நாளில் கடும் பயிற்சியைத் தள்ளிப்போடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோவை வாசகரோ வாரம் ஐந்து நாட்கள் காலையில் சாலைக்குச் செல்கிறார். சிறுவாணிச் சாலையிலும் ஆனைகட்டிச் சாலையிலும் ஏற்றம் அவருக்குத் தாராளமாகவே கிடைக்கிறது. அவர் சொல்லும் குறை, குழுவில் ஓட்டும்போது தாம் தடம் மாறுவதாக மற்றவர்கள் கூறுகிறார்கள் என்பது. லட்ச ரூபாய்க் கருவி அந்தக் குறையைத் தொடாது. அவர் ரோலர் வாங்கட்டும். தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, கீழ்த்தளத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மாலை ஆறு மணி அளவில் வாரம் மூன்று முறை இருபது நிமிடங்கள் மிதிக்கட்டும். வாங்கப் போகும்போது சைக்கிளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். ரோலர் சட்டத்தின் நீளம் தம் சைக்கிளின் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குப் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்த பின், பெல்ட்டைக் கழற்றச் சொல்லி மூன்று உருளைகளையும் தனித்தனியே சுழற்றி, அச்சைத் தாங்கும் சட்டத்தின் மேல் விரல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று உணர்ந்த பிறகே பணத்தைக் கொடுக்கலாம்.